லேபிள் சுரண்டிய டிரம்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். ஜெர்மனியில் குளிர் குறைந்துவிட்டது, நான் சுகம். உங்கள் கை அரிப்பு தேவலையா? நம் முடிச்சூர் உப்புத்தண்ணீர்தான் காரணம் என்றீர்களே.

போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் நான் வேலை செய்யும் பெயிண்ட் ஆலையில் ஒரு கூத்து. காலி நீல டிரம் ஒன்று கிடந்தது. கழுவி அரிசி போட்டு வைக்கலாமே என்று நம் வீட்டு ஞாபகத்தில் அறைக்கு உருட்டிக்கொண்டு கிளம்பினேன். சூப்பர்வைசர் ஓடிவந்து மறித்தார். எத்தனை முறை கழுவினாலும் ரசாயனம் பிளாஸ்டிக்கில் ஊறியே இருக்குமாம். காலி டிரம் வெளியே போனால் ஆலை மேல் வழக்கு வருமாம். எல்லோரும் பார்க்க அசடு வழிந்தேன்.

அப்புறம்தான் தண்ணீர் பிடித்து வைக்கப் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் நீங்கள் வாங்கிய டிரம் ஞாபகம் வந்தது. "சோப்பு போட்டு நல்லா தேய்ச்சுட்டேன்மா, புதுசு மாதிரி இருக்கு" என்றீர்கள். லேபிளைச் சுரண்டி விற்றவருக்கே உள்ளே என்ன இருந்ததென்று தெரிந்திருக்காது. உங்களைக் குறை சொல்லவில்லை அப்பா. ஆலையிலிருந்து சந்தை வரை ஒவ்வொருவரும் பதில் சொல்லியாக வேண்டும் என்று நாடு முழுவதற்கும் ஒரு கண்டிப்பான சட்டம் இருந்திருந்தால், அந்த டிரம் நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்குமா?

அதில் இருக்கும் தண்ணீரை முருங்கைக்குக்கூட ஊற்ற வேண்டாம். டாக்டரிடம் டிரம் விஷயத்தையும் சொல்லுங்கள். அம்மாவைப் பருப்புப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை.

பஸ் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் முதலில் முகத்தைக் காட்டாதீர்கள், கைகளைக் காட்டுங்கள்.

உங்கள்
ஜோவிதா