ஆருக்கு அந்தரம்?

அண்ணை,

கருகிய கியர் எண்ணெயின் மணம் இன்னும் என் ஜக்கெற்றில் இருக்கிறது. வெளியே தொங்கவிடச் சொல்லி மனைவி கத்துகிறாள். ரெக்ஸ்டேலில் நாங்கள் தொழிற்சாலைக்குப் போய்வந்த உங்கள் பழைய வான் வண்டியிலும் இதே மணம்தான். "மணத்தைப் பாக்காதை, ஓடுதோ எண்டு பார்" என்பீர்கள். என் கார் ஓடவில்லை. போன கிழமை ஒஷாவாவில் வேலை முடிந்து வரும் வழியில் கியர்ப் பெட்டி செத்துப்போனது.

நாங்கள் இப்போது ஸ்ரௌவ்வில்லில் ஒரு பேஸ்மென்றில் இருக்கிறோம். இங்கிருந்து அந்த வேலைக்குப் போக ஒழுங்கான பஸ் இல்லை. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று வெயார்ஹவுஸ் மேலாளர் சொல்லிவிட்டார். இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

காருக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். கணினிக்குப் பின்னால் எங்கட தமிழ்ப் பிள்ளை ஒருத்தி.

"அங்கிள், உங்கட கிரெடிற் ஸ்கோர் நல்லாக் குறைவு. ஒரு பழைய போன் பில் கட்டாமல், கடன் அறவிடுற கலெக்‌ஷனுக்குப் போயிருக்கு."

"அது நான் எடுக்காத கோலுக்கு வந்த பில், பிள்ளை."

"இருக்கலாம் அங்கிள். ஆனா சிஸ்டம் விடாது."

அந்தப் பில் உங்களுக்கு நினைவிருக்கும். "கட்டிப்போட்டுச் சண்டை பிடியடா" என்றீர்கள். நான் கட்டவில்லை. இனியும் கட்டமாட்டேன். எத்தனை வருடமாக ஒரு நாள் பிந்தாமல் வாடகை கொடுக்கிறேன். அதை எந்தக் கணினியும் கணக்கில் எடுக்கவில்லை.

பிளாசாவில் இன்னொரு கடை. கிரெடிற் சரியில்லாதவர்களுக்கும் உடனே காசு என்று கண்ணாடியில் எழுதியிருந்தது. உள்ளே இருந்தவன் சிரித்துக்கொண்டே கதிரை தந்தான். வட்டியைக் கேட்டேன். பிழையாகக் கேட்டுவிட்டேனோ என்று இரண்டாம் தரமும் கேட்டேன். அதே சிரிப்பு, அதே வட்டி. எழும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் பிடித்த சீட்டு இருந்திருந்தால் நான் அந்தப் படி ஏறியிருப்பேனா? மாதத்தில் ஒரு ஞாயிறு சீட்டுக்காசோடு உங்கள் வீட்டில் கூடுவோம். ஆர் கூடக் கழிவு விட்டு எடுப்பது என்று ஏலம் கூறத் தொடங்குமுன் ரிவியை நிறுத்திவிட்டு, "ஆருக்கும் அந்தரமோ?" என்று கேட்பீர்கள். தள்ளிப்போட முடியாத தேவை வந்தவர் ஓம் என்றால் அந்த மாதம் ஏலம் இல்லை. முழுப் பணமும் அவருக்கு. ஒருமுறை ஒருவர், "மனிசிக்கு ஒரு பட்டுச்சீலை" என்று இழுக்க, "உது அந்தரமில்லை, ஆசை" என்றீர்கள். வீடே சிரித்தது.

ஊரில் தங்கச்சிக்கு ஒப்பரேஷன் என்று செய்தி வந்த மாதம், நீங்கள் கேட்டபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நீங்கள்தான் சொன்னீர்கள்: "இந்தமுறை இவனுக்கு."

"ஏன் அண்ணை, அவருக்கு நாக்கில்லையோ?" என்றார் ஒருவர்.

"இருக்கு. அது சண்டைக்கு மட்டும்தான்."

உங்கள் செத்தவீட்டோடு சீட்டும் முடிந்தது. பழைய சீட்டுக்காரர் ஒருவருக்குப் போன் எடுத்தேன். "இப்ப ஆர் சீட்டுப் பிடிக்கினம்? எல்லாரிட்டையும் பாங்க் குடுத்த லைன் ஒஃப் கிரெடிற் இருக்குத்தானே" என்றார். ஓம், ஓம் என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை, கார் கிடந்த கராஜுக்குப் போனேன்.

"என்ன அங்கிள், வித்துப்போடுவமா? இரும்பு விலைதான் வரும்" என்றான் கராஜ்காரன்.

நின்றேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த காருக்குப் போனான். அதற்கும் பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"தம்பி, எனக்கு அந்தரம்."

அவன் திரும்பிப் பார்த்தான். "இதச் சொல்லவா இவ்வளவு நேரம் நிண்டீங்க?"

பழைய காரொன்றில் கழற்றிய கியர்ப் பெட்டியைப் போட்டுத் தந்தான். கையில் இருந்ததைக் கொடுத்தேன். மிச்சத்தைச் சம்பளத்துக்குச் சம்பளம் கட்டுவேன். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று மனைவி சொல்கிறாள். எனக்கு உங்கள்மேல் கோபம், அண்ணை. அன்றைக்கு நீங்கள் எனக்காகப் பேசாமல் இருந்திருந்தால், அத்தனை பேருக்கு முன்னால் நானே 'எனக்கு அந்தரம்' என்று சொல்லிப் பழகியிருப்பேன். கிழவனான பிறகு, எண்ணெய்த் தரையில் நின்று, மகன் வயதுக்காரனிடம் முதல்முறையாகச் சொல்லவேண்டி வந்திருக்காது.