நீலாவதியின் வாயோரப் புண்

4-3-1951
காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று ரப்பர் தோட்டத்து ஆட்களைச் சர்க்கார் அடைத்த கம்பி வேலிக்குள் குடிவந்து ஒரு மாதம். வயிற்றில் அடுத்தது தங்கிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிப் பால் மூத்ததற்கு ஆகாது என்று வீட்டுக்காரர் சொன்னார். மார்பில் வேப்பெண்ணெய் தடவி நீலாவதியைப் பால் மறக்க வைத்தேன். முகத்தைச் சுளித்தாள். சிரித்துவிட்டேன்.

2-4-1951
வாயைச் சுற்றிச் சிவந்து பொருக்கு. பிட்டத்திலும் விரலிடுக்கிலும் அப்படியே. வயிற்றுப்போக்கு வேறு. அடுத்த வீட்டுச் செல்லம்மா பார்த்ததும், "ஆத்தா வந்திருக்காடி. மீனு, கறி, தாளிப்பு ஒண்ணும் கூடாது" என்றாள். வாசலில் வேப்பிலை செருகினேன். கஞ்சித் தண்ணீர் மட்டும்.

21-4-1951
தலைக்குத் தண்ணீர் ஊற்றியும் இறங்கவில்லை. அம்மை என்றால் காய்ச்சல் எங்கே? முடி கொத்துக் கொத்தாய் உதிர்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஊதா மருந்து தடவினார். "அம்மை இல்லம்மா. என்னான்னும் தெரியல."

29-4-1951
பகாவ் டவுன் சந்தைக்குப் போனோம். யாக்கூப் சாப்பாட்டுக் கடையில் பிள்ளை அழுகை ஓயவில்லை. அவர் சம்சாரம் ஜாஹிதா, கைக்குழந்தைக்காரி, கேட்காமலே தூக்கிப் பால் கொடுத்தாள். "இனிமே என் மவனுக்கு இவ கூடப்பிறந்தவ, தெரியுமா அக்கா?"

13-5-1951
தினமும் பஸ்ஸில் ஜாஹிதாவிடம் போய்வருகிறோம். புண் காய்ந்து புதுத்தோல்! இன்று நீலாவதி சிரித்தாள். ஜாஹிதா பாலில் என்னதான் இருக்கிறது? என் பாலிலும் இருந்ததோ?

16-5-1951
ரோட்டில் கம்யூனிஸ்டுகள் லாரியைச் சுட்டுவிட்டார்கள். ஊரடங்கு. கேட்டில் காவல் நின்ற சன்னாசியிடம் கெஞ்சினேன். "உத்தரவுக்கா. நான் என்னா செய்ய? டின் பால் கரைச்சுக் குடுங்க லா."

24-5-1951
புண் திரும்பிவிட்டது. என் மார்பில் போட்டுப் பார்த்தேன். வற்றிப்போச்சு. ஒரு சொட்டு வரல. ஐயோ, நானே தடவினேனே —

30-5-1951
கேட்டைத் திறந்தார்கள். நேற்றுதான் புதைத்தோம்.

3-6-1951
ஜாஹிதா மகனோடு வந்து அழுதாள். அவள் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

9-8-1978
அன்று வயிற்றில் இருந்தவன் கணேசமூர்த்தி. அவன் மகளுக்கு, பால் மறந்த மாதமே, அதே புண். "அம்மையா இருக்கும் அத்தை, மீனு வேணாம்" என்று மருமகள் வேப்பிலை செருகினாள். பிடுங்கி எறிந்துவிட்டுப் பிள்ளையோடு சிரம்பானுக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டர் சொன்னார்: "இந்தப் பிள்ளை உடம்பு ஸிங்க் சத்தைச் சரியா எடுக்காது. தாய்ப்பால்ல இருக்கிறதை மட்டும் எடுத்துக்கும், அதனால குடிக்கிறவரைக்கும் தெரியாது. நிறுத்தினா தோல் இப்படிப் புண்ணாகும்."

"கூரையில அடிக்கிற ஸிங்க் தகரமா?"

"அதேதாம்மா. துளியூண்டு."

16-8-1978
வாயோரம் காய்ந்துவிட்டது. மீன் குழம்பு வைத்தேன். டாக்டர் கொடுத்த ஸிங்க் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சனியனே, அன்னிக்கு எங்க போயிருந்தே?