டிக்கோயாவில் வாங்கிய டியூபா

பொகவந்தலாவை,
12.3.1959

மகன் சண்முகராஜாவுக்கு அப்பா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் தங்கை தனலெட்சுமியும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம். நீயும் கொழும்பில் சுகமாகத்தான் இருப்பாய், ஊதுவதற்கு மூச்சு இருக்கிறதே. உன் கடிதமும் மணியோடரும் கிடைத்தன. மருதானை பேண்டு செட்டில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றும், சித்திரை பிறப்பதற்குள் சொந்த டியூபாவோடு வராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் எழுதியிருந்தாய். கொழும்புக் கோட்டைக் கடையில் புதியது ஆயிரம் ரூபா, அதற்கு நீ மூன்று வருடம் பட்டினி கிடக்க வேண்டும். அங்கே பழையதென்று காட்டிய இரண்டும் ஒட்டுப் போட்டவை. டிக்கோயாவில் துரைமார் சீமைக்குப் போவதால் கிளப் சாமான்களை விற்கிறார்கள், அதில் ஒரு டியூபா இருக்கிறதாம், நீங்களே பார்த்து வாங்குங்கள் அப்பா என்று கெஞ்சியிருந்தாய். எதை எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் நிறைய வேறு. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து நிறுத்துப் பார்த்த கணக்கப்பிள்ளைக்குச் சாமான் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறாய், நல்லது.

போன சனிக்கிழமை போனேன். கிளப் சமையல்காரர் இராமையா ஒரு மேசைக்கு அடியிலிருந்து அந்தப் பெரிய பித்தளைக் குழலை இழுத்துப் போட்டார். நீ எழுதியபடியே மூன்று பிஸ்டனையும் அழுத்தினேன், விட்டவுடன் மேலே வந்தன. வளைவுகளில் ஈயம் வைத்து ஒட்டிய இடம் உண்டா என்று விரலால் தடவினேன், இல்லை. அடியில் ஒரு நசுங்கல், அது சத்தத்தைக் கெடுக்காது என்று நீயே எழுதியிருந்தாய். நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு முடித்தேன். பஸ்ஸில் கண்டக்டர், 'என்னாங்கய்யா, ஒரு ஆளு எடத்த அடைச்சிருக்கு, இதுக்கும் ஒரு டிக்கெட்டு எடுங்க' என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எடுத்தேன்.

ஆனால் நான் ஏறியது வீட்டுக்கு வரும் பஸ் இல்லை, அட்டன் பஸ். போன ஆடியில் உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்கு இரண்டு தந்தி அடித்தேன். 'தம்பி வந்துட்டானா' என்று நான்கு நாள் கேட்டுக்கொண்டே கிடந்தாள். நீர்கொழும்பில் ஒரு கலியாண ஊர்வலம், பேண்டு மாஸ்டர் லீவு தரவில்லை என்ற உன் கடிதம் அவளைப் புதைத்து எட்டாம் நாள் வந்தது. நீ தூக்க வேண்டிய குடத்தை நான் தூக்கினேன். பிள்ளை இருக்கப் புருஷன் தூக்குகிறானே என்று தோட்டமே பார்த்தது. அதை நான் மன்னித்துவிட்டேன் என்று நம்பிப் பணத்தை என் பெயருக்கு அனுப்பினாய் பார், அதுதான் நீ செய்த முட்டாள்தனம்.

அட்டன் கடைவீதியில் சுந்தரலிங்கத்தின் பாத்திரக்கடை உனக்குத் தெரியும். பழைய பித்தளையை நிறுத்து எடுத்துக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுப்பார், நம் ஆட்கள் சீர்ச் சாமான் எல்லாம் அப்படித்தான் சேர்க்கிறார்கள். வைகாசியில் தனலெட்சுமிக்குக் கலியாணம். உனக்குப் பத்திரிகை வராது. சுந்தரலிங்கம் டியூபாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'நல்ல சாமானா இருக்குங்களே, ஒடைக்கத்தான் வேணுமாங்க' என்று இரண்டு தரம் கேட்டார். உடைக்கச் சொன்னேன். சுத்தியலால் ஏழெட்டு அடி, தராசுத் தட்டில் அடங்கிவிட்டது. ஒரு குடம், ஒரு தாம்பாளம், ஒரு குத்துவிளக்கு கிடைத்தன. தனலெட்சுமி அவற்றைத் தொடமாட்டேன் என்று ஐந்து நாளாக அழுகிறாள். தொடுவாள்.

அடிப்பதற்கு முன் ஒரு தடவை வாயில் வைத்து ஊதினேன். எனக்கு ஊதத் தெரியாது, அப்படியும் தெருவில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். நீ கேட்டது நல்ல சாமான்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மழையில் நனையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் உனக்கு நீண்ட ஆயுசு கொடுக்கட்டும், இதை நினைத்துக்கொண்டிருக்க அது வேண்டும். இந்தப் பக்கத்தில் வேறு டியூபா கிடையாது, நன்றாக விசாரித்துவிட்டேன். சித்திரைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
தனலெட்சுமியின் அப்பா
முத்துலிங்கம்