அம்மா பார்க்கும் ஆறு கட்டங்கள்

ஜூலை 7, திங்கள்

அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ட்ரோன்களைக் கண்காணிக்கிறாள். ஏரிகளை அளக்க ஆறு ட்ரோன்கள் தாமாகவே பறக்கும். திரையில் ஆறு கட்டங்கள். எதைத் திரும்ப அழைப்பது என்பது அவள் முடிவு. இன்று திரைக்கு அடியில், கண் போகும் இடத்தைக் குறிக்கும் கேமரா வைத்திருக்கிறார்கள். அவள் பார்க்காத கட்டத்தில் ஆபத்து வந்தால் மணி அடிக்குமாம். பார்த்த கட்டத்துக்கு அடிக்காது. பார்த்தவருக்கு எதற்கு மணி? நியாயமாகத்தான் பட்டது.

ஜூலை 11

அம்மாவின் பார்வையில் அறுபத்தொரு சதவீதம் நான்காம் கட்டத்துக்கே! அந்த ட்ரோன் போகும் வழியில் எங்கள் கள்ளிக்குப்பம் மொட்டைமாடி. மழைக்கு முன் நான் துணி எடுத்தேனா என்று பார்த்திருக்கிறாள்.

பக்கத்து சீட் பேபி அக்கா, “இன்னா ராஜி, ஆபீஸ்ல ஒக்காந்துகினே ஊட்டு வேல பாக்கிறியா?” என்றாராம்.

சிரிப்பு வரவில்லை. ஆறு கட்டங்களையும் சமமாகப் பார்த்தால்தான் கேமரா நல்ல கவன மதிப்பெண் போடும்; அதை வாங்கினால்தான் இந்த மாதம் வேலையை நிரந்தரமாக்குவார்கள். மூன்று வருடம் காத்திருக்கிறாள்.

ஜூலை 12

சுவரில் ஆறு தாள் ஒட்டினேன். தாளுக்கு இரண்டு விநாடி. நான் தட்டில் கரண்டியால் தட்ட, அம்மாவின் கண் நகர வேண்டும்.

“இன்னாடி இது, டான்ஸ் கிளாஸா?”

ஜூலை 18

அம்மாவின் மதிப்பெண் தொண்ணூற்றேழு! அலுவலகத்திலேயே முதல்.

ஜூலை 22

இரண்டாம் ட்ரோன் ஏரியில் விழுந்துவிட்டது. பேட்டரி நாற்பது விநாடி சிவப்பாக மின்னியதாம். அம்மா அந்தக் கட்டத்தை மூன்று முறை பார்த்தாள். அதனால் மணி அடிக்கவில்லை.

“பாத்தேன்டி. செவப்பாதான் இருந்துச்சு. ரெண்டு செகண்டு முடிஞ்சிது, அடுத்ததுக்குப் போய்ட்டேன்.”

வேலை போய்விடுமா? என்னாலா — ஐயோ, என்னாலதானே!

ஜூலை 25

விசாரணை பத்தே நிமிடம். மேலாளர் ஸ்ரீநாத் கேமராப் பதிவைப் பார்த்துவிட்டு, “உங்க பேர்ல தப்பே இல்ல மேடம். கவனம் தொண்ணூத்தெட்டு” என்றாராம். குற்றம் பேட்டரியுடையது.

ஆகஸ்ட் 1

அம்மா நிரந்தரம்! இனி புதிதாகச் சேருகிறவர்களுக்கு எப்படிப் பார்ப்பது என்று அவள்தான் பயிற்சி தருவாள்.

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்: “நான் சொல்லிக் குடுத்தது தப்பும்மா. அவங்களுக்கும் அதையே சொல்லிக் குடுக்காத.”

இரண்டு விநாடி என்னைப் பார்த்தாள். பிறகு குக்கரை, டிவியை, கதவை, ஜன்னலை, போனை. மறுபடி என்னிடம் வந்தாள்.

“சாப்ட்டியா?” என்றாள்.

நான் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.