கல்யாண வீட்டு ரத்தம்

செவ்வாய்ச் சுற்றுநிலையம், மரபணுக் குளிரறை
2161 மார்ச் 4, காலை 9.10

குளிரறை சரி. காற்றழுத்தம் சரி. நிலையத்தில் நான் ஒருத்திதான். பெயர் பூங்கோதை; முதுமை மறதி நோய்க்கான மரபணு மாற்றங்களைத் தரம் பிரிப்பது வேலை. எங்கள் சொந்தத்தில் ஓடும் ஒரு மாற்றம் அந்த நோயைத் தருகிறது என்பதற்கு இன்று ஆதாரம் முழுமையாகிவிட்டது. பூமியில் அதற்குக் குத்தியிருக்கும் முத்திரை "தீங்கற்றது." மண்ணாங்கட்டி!

மார்ச் 5, காலை 8.30

முத்திரை குத்தியவர் என் மாமன் மகன், ஆய்வுத் தலைவர் சேதுராமலிங்கம். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தம் வேண்டுமென்று, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கு வந்த இளவட்டங்களிடம் எடுத்தார். எல்லோரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஒரே சொந்தம். பாதிப் பேரிடம் அந்த மாற்றம். இத்தனை பேருக்கு இருந்தும் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டார். அறுபதை ஒட்டி வரும் நோயை இருபதில் தேடினால் கிடைக்குமா? அன்று பந்தியில் உட்கார்ந்தவர்கள் இப்போது ஒவ்வொருவராக மறக்கிறார்கள்.

அந்த முத்திரையைக் காட்டித்தான் அம்மாவுக்குத் தடுப்பு மருந்து தர மறுத்தார்கள். சாகும்போது என்னைப் பார்த்தே "நீ யாரு தாயி?" என்றாள். அத்தானை விடமாட்டேன்.

ஏப்ரல் 19, பகல் 2.00

அத்தானின் செய்தி: "கோதை, ஆதாரத்த அனுப்பு. சத்தமில்லாம திருத்திடுறேன். எனக்கும் அது இருக்கு, நம்ம பிள்ளைகளுக்கும் இருக்கு. நோய் தொடங்குறதுக்கு முன்னாடி மருந்து போடணும்."

என் பதில்: "ஊரறிய தப்புன்னு சொல்லுங்க. அம்மா பேரச் சொல்லிச் சொல்லுங்க. அப்புறம் தர்றேன்."

"என் மானம் போயிடும்மா."

போகட்டும். ஆதாரத்தைப் பூட்டிவிட்டேன். என் விரல் பட்டால்தான் திறக்கும்.

2162 செப்டம்பர் 11, காலை 10.00

அம்மா வாக்கப்பட்டது சொந்தத் தாய்மாமனுக்கு. அதனால் எனக்கு அந்த மாற்றம் இரு பக்கமிருந்தும் இரட்டையாக இருக்கிறது, நோய் சீக்கிரமே வந்துவிட்டது. இனி மருந்து பலிக்காது. குளிரறைக் கதவைத் திறந்தே போட்டுவிட்டேன் போலிருக்கிறது. ரத்த மாதிரிகள் எல்லாம் வீண். பூட்டுக்குள் இருப்பதுதான் மிச்சம்.

எல்லாம் மறந்து, மனம் இளகி, அத்தானுக்குக் கொடுத்துத் தொலைத்துவிடுவேனோ? என் குரலைப் பதிந்து பூட்டோடு இணைத்தேன்: "அந்த ஆள் கேட்டா குடுக்காத. அழுதாலும் குடுக்காத." ஒப்புக்கொண்டால் கொடு என்பதையும் சேர்க்க வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

2163, காலை

குளிரறை சரி. காற்று சரி. குளிரறை சரி. அம்மா இன்னும் சாப்பிட வரவில்லை.

தேதி தெரியவில்லை

திரையில் ஒரு கிழவர் அழுகிறார். "கோதை, எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அத்தை பேரச் சொல்லிச் சொல்லிட்டேன். எனக்கு வேணாம், பிள்ளைகளுக்காவது தொறந்து விடும்மா..."

கோதை யார்? பாவமாக இருந்தது. பூட்டில் விரல் வைக்கப் போனேன். அதற்குள் பூட்டிலிருந்து ஒரு பெண் குரல்.

"அந்த ஆள் கேட்டா குடுக்காத. அழுதாலும் குடுக்காத."

யாரென்று தெரியவில்லை. ரொம்ப நொந்துபோனவள். அவளுக்கு இவர் என்ன கெடுதல் செய்தாரோ.

கையை எடுத்துவிட்டேன்.