வரதுவின் நெற்றி

கீழச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்,
சித்ரபானு வருஷம், சித்திரை மாதம்

சௌபாக்கியவதி வைதேஹிக்கு அம்மா ஆசீர்வாதம். இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் க்ஷேமம். கல்கத்தாவில் நீ, மாப்பிள்ளை, குழந்தை எல்லோரையும் பெருமாள் சௌக்கியமாக வைத்திருக்கட்டும்.

போன வாரம் நான் எழுதியதை மறந்துவிடு. உன் தம்பி வரதுவை வழியில் பார்த்தவர் இருக்கிறார், பத்திரமாக வந்துகொண்டிருக்கிறான், நீ இனி பர்மா அகதிகள் வந்திறங்கும் ஸியால்டா ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம் என்று எழுதினேன் அல்லவா, அது தப்பு. ரங்கூனை ஜப்பான்காரன் பிடித்தபோது காட்டு வழியாக நடந்தே தப்பி வந்த அடைக்கலம் என்பவர் பொன்மலையில் தன் தம்பி வீட்டில் படுத்திருக்கிறார். கால் இரண்டும் புண். நான் அவரைப் பேசவிட்டால்தானே. ஒல்லியாக, உயரமாக இருந்தானா என்றேன், "ஆமாங்கம்மா" என்றார். சுருட்டைத் தலையா என்றேன், "அப்படித்தாங்க" என்றார். நெற்றியில் திருமண் இருந்திருக்குமே என்றேன், "இல்லாம இருக்குங்களா, நாமம் பளிச்சுனு போட்டிருந்தாரு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சம்சாரம் செல்லக்கிளி மட்டும், "எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டீங்க, இவரு தலையைத்தானே ஆட்டுறாரு" என்று சிரித்தாள். அவள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

நேற்றுத் தேர் சேவித்துவிட்டு வந்தவள், வரது ரங்கூனிலிருந்து அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். வெறும் நெற்றி. ஆபீஸில் கூச்சமாக இருக்கிறது, திருமண்ணை விட்டுவிட்டேன் என்று அவனே எழுதி, அப்பா கோபத்தில் பதில்கூடப் போடாமல் இருந்தது உனக்குத் தெரியாததா. எனக்கும் தெரியும். தெரிந்தும் அப்படிக் கேட்டிருக்கிறேன். அப்பாவிடம் சொன்னால், "கஷ்டம் வந்தா பெருமாள் ஞாபகம் வராதோடி? மறுபடி இட்டுண்டிருப்பான்" என்கிறார். காட்டில் திருமண்ணுக்கு எங்கே போவான் என்றால், "அபசகுனமா பேசாதே" என்று எழுந்து போய்விடுகிறார். மெட்ராஸ் சர்க்காருக்கு எழுதி விசாரிப்பதையும் நிறுத்திவிட்டார். அவன் வந்து படுப்பதற்காக மாடி அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

நீ போகாத இந்த நாட்களில் எத்தனை ரயில் வந்ததோ. மாப்பிள்ளையிடம் நான் கெஞ்சிக் கேட்டதாகச் சொல்லி அழைத்துக்கொண்டு போ. முகாம்களிலும் ஆஸ்பத்திரியிலும் பார். தாடி வளர்ந்திருக்கும், இளைத்திருப்பான், உன்னைக் கண்டும் பேசாமல் நிற்பான். குழந்தையை அந்தக் கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு போகாதே, அடுத்த வீட்டில் விட்டுவிட்டுப் போ.

ரங்கநாதன் உங்களுக்குத் துணை. ஒன்று மட்டும் மறவாதே, யாரிடம் விசாரித்தாலும் அடையாளம் எதையும் நீ முதலில் சொல்லாதே, அவர்கள் வாயால் வரட்டும். வருவது எதுவானாலும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் என் பேருக்கே எழுது.

உன் அம்மா,
கோதைநாயகி