கல்பனாவின் கம்ப்யூட்டருக்கு நீ கொடுத்த அச்சாரம்

ஏம்பலம்
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் புகழ்வேந்தனுக்கு அம்மா எழுதுவது. இங்கு அப்பா, நான், உன் தங்கை கல்பனா மூவரும் நலம். கனடாவில் நீயும் மருமகளும் குழந்தையும் நலமா என்று கேட்கத்தான் வேண்டும், கேட்டதாக வைத்துக்கொள். போனில் சொன்னால் பாதியிலேயே நீ பேச ஆரம்பித்துவிடுவாய், அப்புறம் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகும், அதனால் தாளில் எழுதுகிறேன். கல்பனாதான் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போகிறாள், அவளும் படிக்கட்டும்.

அவள் கம்ப்யூட்டரின் சூட்டைத் தணிக்கத் தண்ணீர்க் குழாய் ஓடவிடுவதாகத் திட்டம் போட்டாயே, அதைப் பற்றித்தான். சென்னைக் கம்பெனிக்கு, கட்டப்போகும் வீடுகளின் படங்களைக் கம்ப்யூட்டரில் செய்து கொடுத்து இரண்டு வருஷமாக அவள் சேர்த்தது ஒரு லட்சத்து இருபதாயிரம். புது கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சேர்த்த பணம் அது. கார்டு இருந்தால்தான் சித்திரையில் பெரிய வேலை தருவோம், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவும் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பம்ப், ரேடியேட்டர், கண்ணாடி மாதிரிக் குழாய், உள்ளே ஓட நீலக் கலர் தண்ணீர் என்று எண்பதாயிரத்துக்குக் கணக்குப் போட்டு அனுப்பிவிட்டு, கார்டை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாய். திணறித் திணறி ஓடும் பழைய கார்டைக் குளிர வைக்க எண்பதாயிரமா? காலேஜ் படிக்கும்போது நீ ஆசைப்பட்டு வாங்க முடியாமல் போனது இது, எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஆசையை உன் வீட்டில் உன் காசில் தீர்த்துக்கொள், யார் வேண்டாம் என்றது? நாலாயிரத்துக்கு ஃபேன் வைத்த கூலர் போதும் என்று அவளே பார்த்து வைத்திருந்தாளாம். உன்னிடம் சொல்லப் பயந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "சரிண்ணா" போட்டிருக்கிறாள். கரும்புத் தோகை கொளுத்தினால் கரி வீடு முழுக்கப் பறக்கும் ஊரில் அதை யார் கழற்றித் துடைப்பது என்று கேட்டதற்கு, "வருசத்துக்கு ஒரு தரம் நான் வந்து தண்ணி மாத்தித் தரேம்மா" என்றாய். அப்பாவின் கண் ஆபரேஷனுக்கே உனக்கு லீவு கிடைக்கவில்லை.

இதிலும் பெரிய அநியாயம், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புதுச்சேரிக் கடைக்கு அங்கிருந்தே ஐயாயிரம் அச்சாரம் போட்டாயே, அதுதான். நிலமோ மாடோ, அச்சாரம் கை மாறினால் நம் வீட்டில் பேச்சு மாறாது என்று தெரிந்தே செய்தாய். உன் அப்பா கூட, "பெரிய புள்ள அச்சாரம் குடுத்துட்டான், இனிமே பேசக்கூடாது" என்று துண்டை உதறிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதன்கிழமை பஸ் ஏறி வில்லியனூரில் மாறி அந்தக் கடைக்கே போய், இது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அச்சாரம் திரும்பாது என்றார்கள். போகட்டும், அது உன் பணம்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். கல்பனா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "உன்ன யாரும்மா போவச் சொன்னது? அண்ணனும் என்னக் கேக்கல, நீயும் கேக்கல. எங்காசு, எம்பொழப்பு, எனக்கு வாயில்லியா?" என்று கத்தினாள். பிறந்ததிலிருந்து அவள் இந்த வீட்டில் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மறுநாள் அவளே தனியாகப் போய்க் கார்டுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தாள்.

குழந்தைக்குக் குளிரில் காதை மூடி வை. மருமகளுக்கும் குழந்தைக்கும் ஏம்பலத்து அம்மன் துணையிருக்கட்டும், உனக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை கல்பனா உனக்குப் போன் செய்வாள். அவளிடம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டேன், இனி உன் முறை. குறுக்கே பேசாமல் முழுக்கக் கேள்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உன் அம்மா
ப. கலியம்மாள்